சரத் கமல்: தாமதமாக வந்த கைதட்டல்

2021 ஜூலை 27. டோக்கியோ மெட்ரோபாலிடன் ஜிம்னாசியம். கொரோனா காலத்து ஒலிம்பிக் என்பதால் பார்வையாளர் இருக்கைகள் காலி. 2.7 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் பந்து மேசையில் மோதும் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்கிறது. மேசையின் ஒரு பக்கம் சீனாவின் மா லாங். நடப்பு ஒலிம்பிக் சாம்பியன், பலர் கணக்கில் இந்த ஆட்டத்தின் ஆகச் சிறந்த வீரர். மறுபக்கம் சென்னையின் அச்சந்தா சரத் கமல். இரண்டு வாரம் முன்புதான் 39 வயது நிறைந்திருந்தது.

முதல் கேம் மா லாங்குக்கு, 11-7. இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. இரண்டாவது கேமை 11-8 என்று சரத் எடுத்தபோதுதான் டி.வி. முன்னால் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது கேம் 10-10, பிறகு 11-11. மா லாங்கின் முகத்தில் வழக்கமாக இருக்கும் அலட்சியம் காணாமல் போயிருந்தது. கடைசியில் 13-11 என்று அந்த கேம் சீனா பக்கம் சாய்ந்தது. அடுத்த இரண்டும் 11-4, 11-4. ஆட்டம் முடிந்தது. மா லாங் அந்த ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார்.

அன்று சாயங்காலம் இந்தியாவே சரத் கமலைப் பற்றிப் பேசியது. ‘இத்தனை நாள் இவர் எங்கே இருந்தார்?’ என்று கேட்டவர்களும் உண்டு. அவர் இங்கேதான் இருந்தார். அதற்குள் ஒன்பது முறை தேசிய சாம்பியன், நான்கு ஒலிம்பிக், ஆசிய விளையாட்டில் இரண்டு வெண்கலம், காமன்வெல்த்தில் ஒன்பது பதக்கம் எல்லாம் ஆகியிருந்தன. வீட்டுக்கு வீடு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு தோல்வி.

2025 மார்ச்சில், 42 வயதில், சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் சரத் கமல் ஓய்வு பெற்றார். ஒரு மேசைப்பந்து வீரருக்கு இந்த நாட்டில் இதைவிடப் பெரிய பெயர் கிடைத்ததில்லை. ஆனால் அந்தப் பெயர் எப்போது வந்தது, எதற்காக வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால் நம் விளையாட்டு ரசனையைப் பற்றிச் சில சங்கடமான விஷயங்கள் தெரிகின்றன.

அப்பா, சித்தப்பா, ஒரு மேசை

அச்சந்தா குடும்பம் தெலுங்கு பேசும் குடும்பம். ஆட்டம் வளர்ந்தது சென்னையில். அப்பா ஸ்ரீனிவாச ராவ், சித்தப்பா முரளிதர ராவ் இருவருமே பயிற்சியாளர்கள். தம்பி ரஜத் கமலும் அதே வழிதான். நுங்கம்பாக்கம் பி.எஸ்.பி.பி. பள்ளி, பிறகு லயோலா கல்லூரி. டேபிள் டென்னிஸ் (டி.டி.) வட்டாரத்தில் சென்னைக்கு அப்போதே தனி மரியாதை உண்டு. வி.சந்திரசேகர், எஸ்.ராமன் என்று ஒரு வரிசை முன்னால் போயிருந்தது.

ஆறடிக்கு மேல் உயரம். இந்த ஆட்டத்துக்கு அது வரமா சுமையா என்று சொல்வது கடினம். குட்டையான வீரர் மேசையை ஒட்டி நின்று வேகமாக நகர்ந்துவிடுவார். உயரமானவர் ஒவ்வொரு பந்துக்கும் குனிய வேண்டும். மேசையின் உயரமே 76 செ.மீ.தான். முதுகும் தொடையும் முதலில் முறையிடும். ஆனால் கை நீளம். பின்னால் ஓரடி நகர்ந்து அந்த நீளக் கையால் ஃபோர்ஹேண்ட் வீசினால் பந்து எதிராளியின் மட்டையைத் தள்ளிக்கொண்டு போகும்.

சரத்தின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மனப்பாடம். உள்ளங்கையை விரித்துப் பந்தை மேலே எறிகிறார். சட்டப்படி குறைந்தது 16 செ.மீ. எழ வேண்டும். சர்வீஸ் போகிறது. எதிராளி பதில் அனுப்புவதற்குள் சரத்தின் கால்கள் பேக்ஹேண்ட் மூலைக்கு வெளியே சுற்றி வந்துவிடுகின்றன. மூன்றாவது பந்து, ஃபோர்ஹேண்ட். பாயிண்ட். பயிற்சியாளர்கள் இதை ‘தேர்ட் பால் அட்டாக்’ என்பார்கள். எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கப்படும் பாடம்தான். 20 வருஷத்துக்கு மேல் அதை வைத்தே உலகத்தைச் சமாளித்தவர்கள் அதிகமில்லை.

2003-ல் முதல் தேசியப் பட்டம். 2004-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் சாம்பியன்ஷிப்பில் ஒற்றையர் தங்கம், ஏதென்ஸ் ஒலிம்பிக், அர்ஜுனா விருது, மூன்றும் ஒரே ஆண்டில். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் விளையாட்டில், உள்ளூர் வீரர் வில்லியம் ஹென்ஸலை அவருடைய மண்ணிலேயே தோற்கடித்து ஒற்றையர் தங்கம். அதற்கு முன் எந்த இந்தியரும் அதை வாங்கியதில்லை. அப்போது வயது 23.

விருதும் புகழும் இதே வேகத்தில் தொடர்ந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பெட்டிச் செய்தி: ஒரு பார்வையில்

காமன்வெல்த் விளையாட்டுகள்: 13 பதக்கம் (7 தங்கம், 3 வெள்ளி, 3 வெண்கலம்), 2006 முதல் 2022 வரை.
ஆசிய விளையாட்டு: 2 வெண்கலம், 2018 ஜகார்த்தா.
ஒலிம்பிக்: ஏதென்ஸ் 2004, பெய்ஜிங் 2008, ரியோ 2016, டோக்கியோ 2020, பாரிஸ் 2024.
தேசிய ஒற்றையர் பட்டம்: 10. பழைய சாதனை கமலேஷ் மேத்தாவின் 8.
விருதுகள்: அர்ஜுனா (2004), பத்மஸ்ரீ (2019), மேஜர் தியான்சந்த் கேல் ரத்னா (2022).

செய்தியாகாத கோப்பைகள்

2010-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு சரத் யு.எஸ். ஓபன் பட்டம் வென்றார். அதை ஒட்டி எகிப்து ஓபன். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் ஹாங்காங்கின் லீ சிங், ஏதென்ஸ் ஒலிம்பிக் இரட்டையரில் வெள்ளி வாங்கியவர். அவரை வென்று, உலக சம்மேளனத்தின் ப்ரோ டூர் தொடரில் ஒற்றையர் கோப்பை வாங்கிய முதல் இந்தியர் ஆனார் சரத். மேசைப்பந்து உலகில் ஒரு வீரரின் உண்மையான தரம் இந்த மாதிரித் தொடர்களில்தான் தெரியும்.

அதே ஆண்டு அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டி. சுபஜித் சாஹாவுடன் இரட்டையர் தங்கம், ஒற்றையரில் வெண்கலம், அணிக்கு வெண்கலம். நாட்டுக்கு நினைவிருப்பது டெல்லிதான். எகிப்து என்றால் பெரும்பாலானவர்கள் ‘அப்படியா?’ என்பார்கள்.

பத்து வருஷம் கழித்து இதே கதை இன்னொரு முறை நடந்தது. 2020 மார்ச் மத்தியில் ஓமன் ஓபன். இறுதி ஆட்டத்தில் போர்ச்சுகலின் மார்கோஸ் ஃப்ரெய்டாஸை 4-2 என்று சாய்த்து, 37 வயதில் மறுபடி ஒரு சர்வதேசப் பட்டம். ஊர் திரும்புவதற்குள் உலகம் கதவைச் சாத்திக்கொண்டது. கொரோனா. கோப்பையைப் பற்றி எழுத அன்றைக்கு எந்த விளையாட்டுப் பக்கத்திலும் இடமில்லை. சில நாட்களில் விளையாட்டே இல்லை.

நடுவில் ஐரோப்பிய லீக் வாழ்க்கை. ஜெர்மனியின் புண்டெஸ்லிகாவில், டுஸெல்டார்ஃப் போன்ற பெயர்பெற்ற கிளப்புக்கும் ஆடியிருக்கிறார். புண்டெஸ்லிகா என்பது கால்பந்து ரசிகர்களுக்குத் தெரிந்த அதே பெயர்தான், ஆனால் இது மேசைப்பந்துக்கு. வாரம் ஒரு ஆட்டம், குளிர், ரயில் பயணம், எதிரே உலகத் தரவரிசையில் இருக்கும் யாராவது ஒருவர். நம் வீரர்கள் ஆட்டத்தை உண்மையில் கூர்மையாக்கிக்கொள்வது அங்கேதான். அந்த ஸ்கோர் நம் பத்திரிகையில் வராது. இது ரசிகனின் குற்றம் மட்டுமல்ல. எழுதுகிற எங்களைப் போன்றவர்களுக்கும் பங்குண்டு.

காமன்வெல்த் தங்கத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் பேச வேண்டும். காமன்வெல்த் போட்டியில் சீனா கிடையாது, ஜப்பான் கிடையாது, கொரியா கிடையாது, ஜெர்மனியும் ஸ்வீடனும் கிடையாது. மேசைப்பந்தின் வல்லரசுகள் அத்தனையும் வெளியே. நாம் அதிகம் கைதட்டியது அந்த மேடைக்குத்தான். கைதட்டியிருக்க வேண்டிய இடங்கள் வேறு.

அப்படி ஓர் இடம் ஜகார்த்தா. ஆசிய விளையாட்டில் மேசைப்பந்து 1958-ல் சேர்ந்தது. 60 வருஷமாக இந்தியாவுக்கு அதில் ஒரு பதக்கமும் இல்லை. 2018-ல் சரத், சத்தியன், அமல்ராஜ் முதலியோர் அடங்கிய ஆண்கள் அணி காலிறுதியில் ஜப்பானை 3-1 என்று வென்று வெண்கலத்தை உறுதி செய்தது. ஜப்பான் தன் முதல்நிலை வீரர்களை அனுப்பவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஜப்பானின் இரண்டாம் வரிசையே பல நாடுகளின் முதல் வரிசைக்குச் சமம். அடுத்து மணிகா பத்ராவுடன் கலப்பு இரட்டையர். தென்கொரிய ஜோடி, வடகொரிய ஜோடி இரண்டையும் ஒரே போட்டியில் தாண்டினார்கள். அரையிறுதியில் தடுத்தது சீனாவின் வாங் சுச்சின், சுன் யிங்ஷா. ஆறு வருஷம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அதே ஜோடி.

என்னைக் கேட்டால் சரத்தின் பதக்க அலமாரியில் முதல் தட்டில் வைக்க வேண்டியது இந்த இரண்டு வெண்கலங்கள்.

பெட்டிச் செய்தி: ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது

சரத் சிறுவனாக மட்டை பிடித்தபோது பந்தின் விட்டம் 38 மி.மீ. 2000 அக்டோபரில் அது 40 மி.மீ. ஆனது. 2001-ல் ஒரு கேமுக்கு 21 பாயிண்ட் என்பது 11 ஆகச் சுருங்கியது. நிதானமாகச் சூடுபிடிக்கும் ஆட்டக்காரர்களுக்கு நேரம் இல்லாமல் போனது. 2002-ல் கையாலும் உடம்பாலும் பந்தை மறைத்து சர்வீஸ் போடத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்த கையோடு ‘ஸ்பீட் க்ளூ’வுக்குத் தடை. ரப்பரை மட்டையில் ஒட்டும்போது தடவும் பசை அது. பந்துக்கு வேகம் கூட்டும், ஆவி உடம்புக்கு ஆகாது. 2014-ல் செல்லுலாய்ட் பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது, சுழற்சி குறைந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் சில வீரர்கள் காணாமல் போனார்கள். சரத் ஒவ்வொரு முறையும் தன் ஃபோர்ஹேண்டைப் பிரித்து மறுபடி கட்டினார்.

40-ல் மூன்று தங்கம்

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. அப்போது இந்திய மேசைப்பந்து நிர்வாகம் சந்தி சிரித்துக்கொண்டிருந்தது. மணிகா பத்ரா தேசியப் பயிற்சியாளர் மீது கூறிய புகார் நீதிமன்றம் போய், அந்த ஆண்டு பிப்ரவரியில் சம்மேளனத்தின் நிர்வாகக் குழுவை டெல்லி உயர் நீதிமன்றம் இடைநீக்கம் செய்தது. நிர்வாகிகள் குழு ஒன்று பொறுப்பில் இருந்தது. அணித் தேர்வுக்கு எதிராகவும் வழக்குகள். இந்தச் சூழலில் 40 வயதுக்காரர் ஒருவர் நான்கு பிரிவுகளில் ஆடப் போனார்.

நான்கிலும் இறுதிக்கு வந்தார். அணிக்குத் தங்கம். ஸ்ரீஜா அகுலாவுடன் கலப்பு இரட்டையரில் தங்கம். சரத்துக்கு அந்தப் பிரிவில் அதுவே முதல் காமன்வெல்த் பதக்கம். சத்தியனுடன் ஆண்கள் இரட்டையரில், ஐந்தாவது கேம் வரை போய் இங்கிலாந்திடம் தோற்று வெள்ளி. கடைசி நாள், ஆகஸ்ட் 8, ஒற்றையர் இறுதி. எதிரே இங்கிலாந்தின் லியம் பிட்ச்ஃபோர்ட், ஊர் ரசிகர்கள் முழுக்க அவர் பக்கம். முதல் கேம் 11-13 என்று கைநழுவியது. அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்பதைவிடப் பாடம் என்று சொல்லலாம்: 11-7, 11-2, 11-6, 11-8.

இரண்டு ஒற்றையர் தங்கங்களுக்கு இடையில் 16 வருஷம். அன்றிரவு நிறைவு விழாவில் குத்துச்சண்டை வீராங்கனை நிகத் ஸரீனுடன் தேசியக் கொடியைப் பிடித்து நடந்தார்.

மூன்று மாதத்தில் கேல் ரத்னா. முந்தைய ஆண்டு 12 பேருக்குப் போன விருது, 2022-ல் சரத் ஒருவருக்கு மட்டும். நவம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் வாங்கினார். அர்ஜுனாவுக்கும் இதற்கும் நடுவில் 18 வருஷம். மேசைப்பந்துக்கு முதல் கேல் ரத்னா கூட சரத்துக்கு வரவில்லை. 2020-ல் அது மணிகாவுக்குப் போயிருந்தது. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மணிகா செய்த சாதனைக்கு அது நியாயமான விருதுதான். ஆனால் அவர் பிறப்பதற்கு முன்பே மட்டை பிடித்தவர், இரண்டு வருஷம் கழித்து வரிசையில் நின்று வாங்கியது நம் விருது முறையின் இயல்பைக் காட்டுகிறது.

விருதுக்கு ஒரு காலண்டர்

அந்த இயல்பு என்ன? கேல் ரத்னாவுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளின் சாதனையைப் பார்க்கிறார்கள். மதிப்பெண்ணின் பெரும்பங்கு ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் பதக்கங்களுக்கு. வருஷம் முழுக்க நடக்கும் உலகத் தொடர்களில் ஒருவர் யாரை வென்றார், தரவரிசையில் எங்கே நின்றார் என்பதெல்லாம் பின்னால்தான் வரும். பத்மஸ்ரீ 2019-ல் வந்ததைப் பாருங்கள்: கோல்ட் கோஸ்ட்டும் ஜகார்த்தாவும் முடிந்த அடுத்த ஜனவரி. 2010 எகிப்து கோப்பைக்கு எந்த விருதும் கதவைத் தட்டவில்லை.

இது கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல. 2020-ல் கேல் ரத்னா பரிசுத் தொகை ஏழரை லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும், அர்ஜுனா ஐந்து லட்சத்திலிருந்து 15 லட்சமாகவும் உயர்ந்தது. விருது வந்தால் ஸ்பான்சர் திரும்பிப் பார்ப்பார். ஊக்கத்தொகை, பதவி உயர்வு எல்லாம் பதக்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. பதக்கம் இல்லாத மூன்று வருஷத்தில் ஒரு டி.டி. வீரர் எதை வைத்துச் சமாளிப்பார்?

செலவைப் பார்த்தால் புரியும். ஒரு நல்ல ரப்பர் ஷீட் சில ஆயிரம் ரூபாய். மட்டைக்கு இரண்டு பக்கம், எனவே இரண்டு ஷீட். தினமும் மணிக்கணக்கில் ஆடுபவருக்கு அது சில வாரத்தில் தேய்ந்து வழுக்கும். ரப்பரில் மூச்சை ஊதி உள்ளங்கையால் துடைத்துக்கொள்வதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள், தூசி போய்ப் பிடிமானம் திரும்பட்டும் என்பதற்காக. ஊதினால் திரும்பாத கட்டத்தில் புது ஷீட் வாங்க வேண்டும். இதற்கு மேல் பயணம், பயிற்சியாளர், பிசியோ.

இதையெல்லாம் தாங்கியது அரசுப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் வேலைதான். சரத்துக்கு இந்தியன் ஆயில், சத்தியனுக்கு ஓ.என்.ஜி.சி. இந்த வேலைகள் இல்லாவிட்டால் இந்திய மேசைப்பந்துக்குக் கடந்த 20 வருஷம் இல்லை என்றே சொல்லிவிடலாம். பக்கவிளைவு ஒன்றும் உண்டு. தேசியப் போட்டியில் இவர்கள் தமிழ்நாட்டுச் சட்டையில் இறங்கவில்லை. பெட்ரோலிய விளையாட்டு வாரியத்தின் அணியில் ஆடினார்கள். 2019 கட்டாக்கிலும் 2022 ஷில்லாங்கிலும் தேசிய ஒற்றையர் இறுதி ஆட்டம் இரண்டு சென்னைக்காரர்களுக்கு இடையேதான்: சரத், சத்தியன். ஆனால் பட்டியலில் இருவர் பெயருக்கும் பக்கத்தில் தமிழ்நாடு இல்லை. ஊர் தன் பிள்ளைகளைக் கொண்டாடத் தவறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

2017-ல் அல்டிமேட் டேபிள் டென்னிஸ் லீக் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. அதில் ஆடிய சென்னை லயன்ஸ் அணி மஞ்சள் வெளிச்சத்தில் சி.எஸ்.கே. அளவுக்கு ஜொலிக்கவில்லை என்றாலும், 2019-ல் கோப்பை வாங்கியது. உலக வீரர்களோடு உள்ளூர் இளைஞர்கள் ஒரே அணியில் உட்கார்ந்தார்கள். பள்ளிப் பையன்களுக்கு முன்பு ஜெர்மனி போனால்தான் கிடைத்த அனுபவத்தில் ஒரு பங்கு இங்கேயே கிடைக்கத் தொடங்கியது.

பெட்டிச் செய்தி: சந்திரா

பாதுகாப்பு வலை இல்லாத காலத்தில் ஒரு சென்னை வீரருக்கு என்ன நடந்தது என்பதற்கு வி.சந்திரசேகர் சாட்சி. மூன்று முறை தேசிய சாம்பியன், 1982 அர்ஜுனா. 1984-ல் முழங்கால் அறுவை சிகிச்சைக்குச் சென்றவர், அதில் நேர்ந்த சிக்கலால் மூளை பாதிக்கப்பட்டு, பார்வையும் பேச்சும் நடையும் குலைந்து வெளியே வந்தார். விளையாட்டு வாழ்க்கை அன்றோடு சரி. நீண்ட சட்டப் போராட்டத்தில் வென்றார். மெல்ல மெல்ல மீண்டு, பயிற்சியாளராக மேசைக்குத் திரும்பினார். சின்ன வயதில் சத்தியன் அவரிடம் கற்றார். 2021 மே மாதம் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

அண்ணன் போட்ட பாதை

சரத்தால் நேரடியாகப் பயன்பெற்றவர்கள் யார் என்று கேட்டால் முதல் பெயர் ஞானசேகரன் சத்தியன். 1993-ல் பிறந்தவர்; சென்னையில் பொறியியல் பட்டம், ராமனிடம் பயிற்சி. 2019-ல் உலகத் தரவரிசையில் 24-ஆம் இடம் வரை ஏறினார். சரத்தின் உச்சம் 30. முதல் 25 இடங்களுக்குள் நுழைந்த முதல் இந்தியர் சத்தியன். இருவரும் தேசிய அரங்கில் பரம எதிரிகள், வெளிநாட்டில் இரட்டையர் ஜோடி, கோல்ட் கோஸ்ட்டிலும் பர்மிங்காமிலும் சேர்ந்தே வெள்ளி. அந்தோணி அமல்ராஜ் இன்னொருவர். 2012 லக்னோ தேசிய இறுதியில் சரத்தையே தோற்கடித்துப் பட்டம் வாங்கியவர். இரண்டு வருஷம் கழித்து கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் அதே சரத்தோடு ஜோடி சேர்ந்து வெள்ளி.

டோக்கியோவில் ஆண்கள் ஒற்றையரில் இந்தியாவுக்கு இரண்டு இடம், இரண்டுமே சென்னை. மூன்று வருஷத்தில் காட்சி மாறியது. பாரிஸுக்கு இந்திய ஆண்கள் அணி முதல் முறையாக ஒலிம்பிக் அணிப் பிரிவில் தகுதி பெற்றது. சரத்துடன் போன ஹர்மீத் தேசாய், மானவ் தக்கர் இருவருமே குஜராத், சூரத் வார்ப்பு. சத்தியன் மாற்று வீரர். அணி முதல் சுற்றிலேயே சீனாவிடம் 0-3 என்று தோற்றது. ஒற்றையரில் ஸ்லோவேனியாவின் டெனி கொசுலிடம் சரத் முதல் சுற்றில் வெளியேறினார். ஸேன் நதியில் பேட்மின்டன் வீராங்கனை சிந்துவுடன் கொடி பிடித்த பெருமைதான் அவருக்கு அந்த ஒலிம்பிக். பெண்கள் பக்கம் நிலைமை மேல்: மணிகா, ஸ்ரீஜா இருவரும் ஒற்றையரில் கடைசி 16 பேருக்குள் வந்தார்கள்; அணி காலிறுதி கண்டது.

கொடி பிடித்தது வயதுக்குக் கொடுத்த மரியாதை என்று யாராவது சொன்னால், சிங்கப்பூரை நினைவுபடுத்தலாம். அதே 2024 மார்ச்சில், சிங்கப்பூர் ஸ்மாஷ் தொடரில், தகுதிச் சுற்றிலிருந்து ஆடி வந்த 41 வயது சரத், உலகின் 13-ஆம் நிலை வீரர் தார்கோ யோர்கிச்சையும் எகிப்தின் ஒமர் அசாரையும் வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார். ஸ்மாஷ் தொடரின் ஒற்றையரில் அவ்வளவு தூரம் போன முதல் இந்தியர். தரவரிசையில் 88-லிருந்து 34-க்குத் தாவி, மறுபடி இந்தியாவின் முதல் நிலை வீரர் ஆனார். இதுவும் பெரிய செய்தியாகவில்லை. ஐ.பி.எல். தொடங்கும் நேரம்.

2025 மார்ச் கடைசி வாரம். நேரு உள்விளையாட்டு அரங்கில் டபிள்யூ.டி.டி. ஸ்டார் கன்டெண்டர் என்ற சர்வதேசத் தொடர். முதல் சர்வதேசப் போட்டியைச் சென்னையில் ஆடியவர், கடைசியையும் இங்கேயே ஆட முடிவு செய்திருந்தார். கடைசி 16 பேர் சுற்றில் அவரை நேர் கேம்களில் வென்றவர் இன்னொரு இந்தியர், தெலங்கானாவின் சினேஹித் சுராவஜ்ஜுலா. டி.டி. தெரிந்தவர்கள் இதைவிட நல்ல வழியனுப்பு கிடையாது என்றார்கள். வெளிநாட்டுக்காரரிடம் தோற்றுப் போவதைவிட, தன்னைப் பார்த்து வளர்ந்த தலைமுறையிடம் தோற்றுப் போவது.

மேடை காலியாகும் நேரம்

இப்போதுதான் சிக்கலான பகுதி. 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியைப் பத்து விளையாட்டுகளுக்குச் சுருக்கிவிட்டார்கள். ஹாக்கி, பேட்மின்டன், மல்யுத்தம், துப்பாக்கி சுடுதல் போலவே மேசைப்பந்தும் வெளியே. இந்தியா மேசைப்பந்தை நினைவில் வைத்திருந்ததே அந்த மேடையால்தான். சரத்தின் 13 பதக்கமும் அங்கே வந்தவை.

ஒலிம்பிக்கிலும் மாற்றம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்கள் அணி, பெண்கள் அணிப் பிரிவுகள் கிடையாது. பதிலாக ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு அணி. பாரிஸுக்கு இந்தியா போன அணிக் கதவு மூடிவிட்டது. இரட்டையர் ஜோடிகளை இப்போதே உருவாக்கி, ஒன்றாக ஆடவிட்டு, ஒன்றாகத் தோற்கவிட்டுப் பழக்குகிற நாடுகளுக்குத்தான் இனி வாய்ப்பு. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சீனாவின் உலக சாம்பியன் ஜோடியைத் தோற்கடித்து வெண்கலம் வாங்கிய சுதீர்த்தா, ஐஹிகா முகர்ஜி நமக்கு அது முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். கொல்கத்தாவும் சூரத்தும் இதைப் புரிந்துகொண்டு நகர்கின்றன. சென்னை?

சென்னையில் திறமைக்குக் குறைவில்லை. பயிற்சியாளர்கள் உண்டு, அரங்கம் உண்டு, பழைய சாம்பியன்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் மட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டும் பழக்கமும் உண்டு. சரத் லயோலாவிலும் சத்தியன் பொறியியல் கல்லூரியிலும் படித்துக்கொண்டே ஆடினார்கள் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அதற்கு ஒத்துழைத்த கல்லூரிகள் எத்தனை என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சரத் மேசையை விட்டு முழுக்க நகர்ந்துவிடவில்லை. 2022-ல் சர்வதேச மேசைப்பந்து சம்மேளனத்தின் வீரர்கள் ஆணையத்துக்குத் தேர்வான முதல் இந்தியர் ஆனார்; இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் வீரர்கள் ஆணையத்தில் துணைத் தலைவராகவும் வந்தார். அவர் முறியடித்த சாதனைக்குச் சொந்தக்காரரான கமலேஷ் மேத்தா அதே ஆண்டு டிசம்பரில் தேசியச் சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் ஆனார். ஆடியவர்கள் நாற்காலிக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்க வேண்டியது விருது விதியில் ஒரு திருத்தம்: உலகத் தொடர்களின் வெற்றிக்கும் தரவரிசைக்கும் நேரடி மதிப்பெண். கிளாஸ்கோவில் மேசைப்பந்து இல்லாத நிலையில், இந்த விதி மாறாவிட்டால் இன்றைய 20 வயது வீரர் விண்ணப்பத்தில் எழுதுவதற்கு ஆசிய விளையாட்டு, உலக சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் மூன்றுதான் இப்போதைக்கு மிச்சம். மூன்றிலும் வழியில் சீனா நிற்கிறது. விளையாட்டு அமைச்சகம் இதைச் செய்ய ஒரு அரசாணை போதும்.